கூலிங் கிளாஸ்: போலரைஸ்டா, வெறும் கறுப்பா?

வாசகர் கேள்வி – பதில்

வெயில் ஏற ஏறக் கண்ணாடிக் கேள்விகளும் ஏறுகின்றன. வடசென்னை வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த முறை பதில்.

ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறேன். நடைபாதைக் கடையில் 350 ரூபாய்க்கு 'போலரைஸ்டு' என்று ஒரு கூலிங் கிளாஸ் வாங்கினேன். கடைக்காரர் ஒரு அட்டையை நீட்டி, "வெறுங்கண்ணால பாருண்ணே, ஒண்ணும் இல்ல. இத மாட்டிக்கினு பாரு, மீன் தெரியுதா?" என்றார். தெரிந்தது. ஆனால் விடிகாலையில் கடலில் கண் கூசுவது கூசிக்கொண்டுதான் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா?
— வாசகர், காசிமேடு

அட்டையில் மீன் தெரிந்தது என்றால், அந்த நிமிடம் உங்கள் கண்ணில் இருந்த லென்ஸ் போலரைஸ்டுதான். அட்டை பொய் சொல்லாது. ஆனால் அது சொல்வதும் அவ்வளவுதான். உள்ளே இருக்கும் ஃபிலிம் நேராக உட்கார்ந்திருக்கிறதா, புற ஊதாக் கதிர் தடுக்கப்படுகிறதா என்றெல்லாம் அது சொல்லாது. நீங்கள் மாட்டிப் பார்த்த சாம்பிளும் உறையில் போட்டுக் கொடுத்த பீஸும் ஒன்றுதானா என்பதும் அட்டைக்குத் தெரியாது. ஆகவே கையில் இருக்கும் பீஸை வீட்டில் சோதித்துவிடுங்கள்.

சோதனைக்கு முன் விஷயம் என்னவென்று இரண்டு வரி. பிளஸ் டூ இயற்பியலில் 'தளவிளைவு' என்று படித்திருப்பீர்கள். சூரிய ஒளி எல்லாத் திசையிலும் அதிர்ந்துகொண்டு வருகிறது. தண்ணீரிலோ தார்ச்சாலையிலோ பட்டுத் தெறிக்கும்போது, படுக்கைவாக்கில் அதிரும் ஒளிதான் அதிகம் தெறிக்கிறது. கண்ணைக் கூசவைப்பது அதுதான். போலரைஸ்டு லென்ஸுக்குள் ஒரு பக்கமாக இழுத்து நீட்டிய ஃபிலிம் இருக்கிறது. நிமிர்ந்து அதிரும் ஒளியை அது விடும், படுத்து அதிர்வதை நிறுத்திவிடும். தோசைக் கரண்டியை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நிமிர்த்தி நீட்டினால் போகும், படுக்கவைத்து நீட்டினால் இடிக்கும் இல்லையா, அந்தக் கதை. ஆகவே எல்லாச் சோதனையும் ஒரே சோதனைதான்: லென்ஸைத் திருப்பினால் வெளிச்சம் கூடிக் குறைகிறதா? கூடிக் குறைந்தால் போலரைஸ்டு. எப்படித் திருப்பினாலும் ஒரே அளவு மங்கல் என்றால் வெறும் சாயம்.

வீட்டில் செய்ய எளிது தரைச் சோதனை. டைல்ஸ் தரையிலோ மொசைக் தரையிலோ ஜன்னல் வெளிச்சமோ டியூப் லைட்டோ பளபளவென்று விழும் இடத்தைப் பாருங்கள். தூரம் முக்கியம். உங்கள் கண் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருந்தால், ஆறரை முதல் ஏழடி தள்ளி இருக்கும் பளபளப்பைப் பார்க்க வேண்டும். காலடியில் இருப்பதைக் குனிந்து பார்த்தால் எந்தக் கண்ணாடியும் ஒன்றும் செய்யாது. இப்போது கூலிங் கிளாஸை மாட்டாமல், கையில் பிடித்து, ஒரு லென்ஸ் வழியாக மட்டும் பாருங்கள். முதலில் முகத்தில் மாட்டுகிற வாக்கிலேயே பிடியுங்கள். பிறகு மெதுவாகக் கால் வட்டம் திருப்பி, ஒரு லென்ஸ் மேலேயும் இன்னொன்று கீழேயும் வரும்படி நிறுத்துங்கள். நல்ல லென்ஸ் என்றால் முதல் நிலையில் தரையின் பளபளப்பு ஏறக்குறைய அழிந்து டைல்ஸின் பூ வேலைப்பாடு தெரியும், திருப்பியதும் பளபளப்பு திரும்பி வந்துவிடும். அடுத்து மற்ற லென்ஸ். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காமல் விடாதீர்கள். எவர்சில்வர் தட்டிலோ முகம் பார்க்கும் கண்ணாடியிலோ இதைச் செய்தால் குழம்பிப்போவீர்கள். உலோகத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளியில் இந்த விளைவு மிகக் குறைவு. தண்ணீர், டைல்ஸ், கண்ணாடிப் பலகை, பெயின்ட் அடித்த மேஜை, இவை சரி.

இரண்டாவது, கால்குலேட்டர். சாம்பல் பின்னணியில் கறுப்பு எண் காட்டும் சாதாரணக் கால்குலேட்டரோ டிஜிட்டல் கைக்கடிகாரமோ போதும். அதன் திரை மேலேயே ஒரு போலரைசர், அதாவது இதே வேலையைச் செய்யும் ஃபிலிம், ஒட்டியிருக்கும். லென்ஸைத் திரை முன்னால் பிடித்து அரை வட்டம் மெதுவாகச் சுற்றுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் திரை மொத்தமாக இருண்டு எண்கள் மறைய வேண்டும். நேராகப் பிடிக்கும்போது இருளும் திரையும் உண்டு, சாய்வாகப் பிடிக்கும்போது இருளும் திரையும் உண்டு. கால் வட்டத்தோடு நிறுத்திவிட்டு 'இது டூப்ளிகேட்' என்று முடிவு கட்டாதீர்கள்.

இரண்டிலும் தேறிவிட்டதா? அப்படியானால் அடுத்து ஃபிலிம் கோணலாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மலிவுச் சரக்கில் அதிகம் நடக்கும் தவறு இது. லென்ஸை ஃபிரேமில் பொருத்தும்போது கொஞ்சம் சுழன்றிருந்தால் போதும், கூசலில் ஒரு பங்கு தப்பி உள்ளே வரும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதே தரைப் பளபளப்பைப் பாருங்கள். தலையை மெதுவாக வலது தோள் பக்கம் சாயுங்கள், பிறகு இடது தோள் பக்கம். தலை நிமிர்ந்திருக்கும்போதுதான் பளபளப்பு மிகக் குறைவாக இருக்க வேண்டும். சாய்த்தால்தான் குறைகிறது என்றால் ஃபிலிம் கோணல். ஒரு கண்ணை மூடி ஒரு முறை, மற்றதை மூடி ஒரு முறை செய்யுங்கள். வலது லென்ஸுக்கு ஒரு கோணம், இடதுக்கு வேறு கோணம் என்று வந்தால் அதைப் போட்டுக்கொண்டு தொழிலுக்குப் போகாதீர்கள். இரண்டு கண்ணுக்கும் இரண்டு விதமான கடல் தெரியும், அரை நாளில் தலைவலி வரும்.

எல்லாவற்றிலும் தேறியும் கடலில் கூசுகிறது என்றால் குற்றம் நேரத்தில் இருக்கிறது. தண்ணீரில் தெறிக்கும் ஒளி முழுக்கப் படுக்கைவாக்குக்கு வருவது, சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 37 டிகிரி ஏறியிருக்கும்போது. சென்னையில் அது ஜூன் மாதம் காலை எட்டரை வாக்கில், மார்ச்சிலும் செப்டம்பரிலும் எட்டே முக்கால் சுமாருக்கு, டிசம்பரில் ஒன்பதரைக்குப் பக்கத்தில். மாலையிலும் இதே போல ஒரு நேரம் உண்டு. நமக்குக் கிழக்கே கடல். ஆறு, ஆறரை மணிக்குச் சூரியன் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கும்போது வரும் கூசலில் இரண்டு வித அதிர்வும் கலந்திருக்கும், போலரைஸ்டு அதில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும். நீங்கள் 'விடிகாலையில்' என்று எழுதியிருப்பதால் எங்கள் சந்தேகம் இதன் மேல்தான். உச்சி வெயிலில் படகு ஓரத்திலிருந்து நேர் கீழே பார்த்தாலும் இதே கதை. எட்டரை, ஒன்பது மணிக்குப் போட்டும் கழற்றியும் ஒரு முறை பாருங்கள்.

இந்த வித்தையைக் கடலில் செய்து பார்த்தவர் நம் ஊர்க்காரர் ஒருவர் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சர் சி.வி. ராமன், 1921-ல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பும்போது, நிக்கோல் பட்டகம் என்ற போலரைசர் வழியாகக் கடலைப் பார்த்தார். மேல் பளபளப்பை அது அழித்ததும் தண்ணீரின் சொந்த நீலம் இன்னும் ஆழமாகத் தெரிந்தது. கடல் நீலம் வெறும் வான நிழல் என்ற பழைய விளக்கம் போதாது என்று அவர் எழுத அது ஒரு காரணம். ஒன்று மட்டும்: பளபளப்பு போனால் தண்ணீருக்குள் பார்க்கலாம், ஆனால் தெளிந்த தண்ணீரில்தான். கொசஸ்தலை முகத்துவாரத்துச் சேற்றுத் தண்ணீரில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் மீனைக் காட்டாது.

என் போனை வைத்துச் சோதித்தேன். எப்படிச் சுற்றினாலும் திரை இருளவில்லை, லேசாக நிறம்தான் மாறுகிறது. நண்பன் போனில் அதே கண்ணாடி கன்னங்கரேல் என்று ஆகிறது. எதை நம்புவது?
— கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை

நண்பனின் போனை நம்புங்கள். ஒரு திரையில் இருண்டாலே லென்ஸ் போலரைஸ்டு என்று உறுதி. இருளாததை வைத்து மட்டும் 'இல்லை' என்று சொல்ல முடியாது. கூலிங் கிளாஸ் போட்டவருக்கும் திரை தெரியட்டும் என்று பல போன்களில் மேலே இன்னொரு படலம் வைத்திருக்கிறார்கள். அது ஒளியின் அதிர்வைச் சுழற்றிவிட்டுவிடும். அதனால் இருளாமல் லேசான மஞ்சளோ நீலமோ தட்டும். பிளாஸ்டிக் ஸ்கிரீன் கார்டும் இதே வேலையைச் செய்யும், சில சமயம் வானவில் பட்டைகளே தெரியும். திருப்பும்போது நிறம் மாறுகிறதே, அதுவும் போலரைஸ்டு என்பதற்கு அடையாளம்தான். வெறும் சாய லென்ஸில் நிறமும் மாறாது.

மீன் கடைத் தராசில் சிவப்பாக எரியும் எண்களை வைத்துச் சோதிக்காதீர்கள். அது எல்இடி, அதில் போலரைசர் கிடையாது. கடையில் நிற்கும்போது கால்குலேட்டர் கைவசம் இல்லையென்றால், போலரைஸ்டு என்று நிச்சயமாகத் தெரிந்த இன்னொரு கண்ணாடியை வாங்கி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஒன்றை மட்டும் சுற்றுங்கள். குறுக்கே வரும்போது இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒளி புகாத கறுப்பாக வேண்டும்.

என் ஏழு வயது மகனுக்குக் கூலிங் கிளாஸ் வாங்கினேன். நல்ல கறுப்பு. கறுப்பாக இருந்தால் கண்ணுக்குப் பாதுகாப்புதானே? போலரைஸ்டாக இருந்தால் யுவியும் தடுக்குமா?
— வாசகி, கொருக்குப்பேட்டை

இரண்டுக்கும் பதில் 'கட்டாயமில்லை'. கறுப்பு, போலரைஸ்டு, யுவி தடுப்பு மூன்றும் மூன்று தனிச் சமாச்சாரங்கள். கறுப்பு என்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் குறைப்பது, போலரைஸ்டு கூசலைக் குறைப்பது. புற ஊதாவோ கண்ணுக்கே தெரியாது, அதனால் போட்டுப் பார்த்துத் தீர்மானிக்க வழியே இல்லை. யுவி தடுக்காத கறுப்புக் கண்ணாடி, கண்ணாடியே போடாததைவிட மோசமாகலாம். இருட்டில் கண்மணி விரியும், விரிந்த கண்மணி வழியாகப் புற ஊதா கூடுதலாக உள்ளே போகும். சிறு பிள்ளைகளின் விழி லென்ஸ் பெரியவர்களுடையதைவிடத் தெளிவு, தடுக்கும் சக்தி குறைவு. ஆகவே பையனுக்கு முதலில் பார்க்க வேண்டியது யுவி 400 என்பதைத்தான், அதாவது 400 நானோமீட்டர் வரையுள்ள கதிரை நிறுத்தும் லென்ஸ். போலரைஸ்டு அப்புறம், இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

ஸ்டிக்கரை மட்டும் நம்ப வேண்டாம். சில ஆப்டிகல்ஸ் கடைகளில் யுவி மீட்டர் இருக்கும், கேட்டுப் பாருங்கள். லென்ஸை அதில் வைத்தால் எத்தனை சதவீதம் ஊடுருவுகிறது என்று உடனே காட்டும்.

வீட்டில் செய்ய வேண்டுமென்றால் கள்ள நோட்டுப் பார்க்கும் யுவி டார்ச்சும் ஒரு 500 ரூபாய் நோட்டும் வேண்டும். நோட்டில் வரிசை எண் அச்சிட்ட மையும், உள்ளே சிதறிக் கிடக்கும் மெல்லிய இழைகளும் புற ஊதாவில் ஒளிரும். அறையை இருட்டாக்கி, டார்ச்சை நோட்டின் மேல் அடித்து, எண்கள் ஒளிர்வதைப் பாருங்கள். டார்ச்சுக்கும் நோட்டுக்கும் நடுவில் முதலில் ஒரு சாதாரணக் கண்ணாடித் துண்டை வையுங்கள். ஒளிர்வு பெரிதாகக் குறையாது. அதே இடத்தில் கூலிங் கிளாஸ் லென்ஸை வையுங்கள். ஒளிர்வு அணைந்தால் லென்ஸ் அந்தக் கதிரை நிறுத்துகிறது. லென்ஸை உங்கள் கண்ணுக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் சோதனையே ஆகாது, டார்ச்சுக்கு முன்னால்தான் வைக்க வேண்டும். டார்ச்சைக் கண்ணில் அடிக்கக் கூடாது, பையன் கையில் கொடுக்கவும் கூடாது.

டார்ச்சைப் பார்த்து வாங்குங்கள். மலிவான டார்ச்சுகள் 395 நானோமீட்டர். அவற்றில் கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறமும் சேர்ந்தே வரும், நல்ல லென்ஸ் வழியாகவும் கொஞ்சம் கசிந்து எண்களை மினுங்க வைக்கும், நல்லதைக் கெட்டது என்று முடிவு கட்டுவீர்கள். 365 நானோமீட்டர் டார்ச்தான் சரி.

கறுப்பின் அளவுக்கும் எண் உண்டு. ஃபிரேமின் காலில் 'பிரிவு 3' என்று இருந்தால் வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதம் உள்ளே விடும். நம் வெயிலுக்கு அது போதும். பிரிவு 4, 3 முதல் 8 சதவீதம்தான் விடும், அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். போலரைஸ்டு போட்டதிலிருந்து முன்னால் போகும் கார்களின் பின்கண்ணாடியில் கட்டம் கட்டமாகக் கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. லென்ஸில் பழுதா? ராத்திரிக்கு மஞ்சள் கண்ணாடி வாங்கலாமா?
— ஓட்டுநர், எண்ணூர்

பழுது இல்லை. உங்களுடையது அசல் போலரைஸ்டு என்பதற்கு அந்தப் புள்ளிகளே சாட்சி. காரின் பக்கக் கண்ணாடியும் பின்கண்ணாடியும் டஃபன்டு கிளாஸ். சூடாக்கி, வரிசையாக இருக்கும் குழாய் முனைகளால் காற்றடித்துச் சட்டென்று குளிரவைப்பார்கள். காற்றுப் பட்ட இடத்தில் ஒரு இறுக்கம், படாத இடத்தில் வேறு இறுக்கம். வெறுங்கண்ணுக்கு அது தெரியாது, போலரைஸ்டு வழியாகப் புள்ளியாகத் தெரியும். முன்கண்ணாடி இரண்டு தகடு ஒட்டிய லேமினேட்டட், அதனால் அதில் இந்தக் கட்டங்கள் இல்லை. ஹெல்மெட்டின் வைசர் வழியாகப் பார்க்கும் பைக்காரர்களுக்கு வானவில் திட்டுகள் தெரிவதும் இதே காரணம்தான், அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கின் இறுக்கம். அவர்களுக்கு அது தொந்தரவாக இருந்தால் போலரைஸ்டு அல்லாத யுவி 400 கண்ணாடியே மேல்.

உங்கள் தொழிலுக்கு இரண்டு எச்சரிக்கை. சாலையில் எண்ணெய் சிந்தியதையும் ஈரத்தையும் தூரத்திலிருந்து காட்டிக்கொடுப்பது அதன் மினுமினுப்புதான். போலரைஸ்டு அந்த மினுமினுப்பையும் சேர்த்துத் துடைத்துவிடும். மழை விட்ட சாலையில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவ்வப்போது மேலாகப் பாருங்கள். டேஷ்போர்டு திரையோ பெட்ரோல் பங்க் மீட்டரோ மங்கினால் தலையைக் கொஞ்சம் சாய்த்தால் தெரியும்.

ராத்திரிக்கு எந்தச் சாயக் கண்ணாடியும் வேண்டாம், மஞ்சளும் சேர்த்துத்தான். 75 சதவீதத்துக்குக் குறைவாக வெளிச்சம் விடும் கண்ணாடி இரவு ஓட்டுவதற்கு ஏற்றதில்லை என்பது சர்வதேசத் தர விதி. போலரைஸ்டு ஃபிலிம் எவ்வளவு நல்லதானாலும் ஒளியில் சரிபாதியைத் தின்றுவிடும். ஆகவே 'இரவுக்கான போலரைஸ்டு' என்று விற்பதில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் மாதிரித் தெளிவான லென்ஸைக் காட்டி போலரைஸ்டு என்றாலும் அப்படித்தான்.

எனக்கு சிலிண்டர் பவர் உண்டு. போலரைஸ்டில் பவர் கண்ணாடி கிடைக்குமா? கடையில் பத்து நாள் ஆகும் என்கிறார்கள்.
— வாசகர், பெரம்பூர்

கிடைக்கும், பத்து நாளும் நியாயம்தான். சிலிண்டர் பவர் எல்லாத் திசையிலும் ஒன்றாக இருக்காது, அதற்கென்று ஒரு திசை உண்டு, அதுதான் ஆக்ஸிஸ். சாதாரண லென்ஸ் என்றால் இருப்பில் உள்ளதை எடுத்து, உங்கள் சிலிண்டரின் ஆக்ஸிஸுக்கு ஏற்பச் சுழற்றி வெட்டி மாட்டிவிடலாம். போலரைஸ்டில் சுழற்றினால் ஃபிலிமும் சேர்ந்து சுழன்று கோணலாகிவிடும். ஃபிலிமின் திசை குறித்த அரைகுறை லென்ஸை எடுத்து, அந்தத் திசையை வைத்துக்கொண்டு உங்கள் பவரைப் புதிதாகச் சாணை பிடிக்க வேண்டும். 'அரை மணி நேரத்தில் தருகிறேன்' என்று யாராவது சொன்னால்தான் யோசிக்க வேண்டும். வாங்கும்போது பவரை லென்சோமீட்டரில் சரிபார்க்கச் சொல்லுங்கள், மேலே சொன்ன தலை சாய்க்கும் சோதனையைக் கடையிலேயே செய்யுங்கள். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் இருக்கிற பவர் கண்ணாடி மேலேயே மாட்டும் போலரைஸ்டு கிளிப் உண்டு.

ஆறு மாதத்தில் லென்ஸ் ஓரம் உரிந்து குமிழி கட்டிவிட்டது. ஒட்ட முடியுமா?
— வாசகர், திருவொற்றியூர்

முடியாது. அந்த லென்ஸ் ஒரே துண்டல்ல, நடுவில் ஃபிலிமும் இரு பக்கமும் தகடும் ஒட்டிய அடுக்கு. வெயிலில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டில் விட்டால் பசை இளகும், இளகிய ஓரத்தில் வியர்வையும் உப்புத் தண்ணீரும் ஏறும். பிறகு குமிழி பரவத்தான் செய்யும். அடுத்ததைக் காப்பாற்ற, கடற்கரையிலிருந்து வந்ததும் முதலில் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். உப்புப் பரல் இருக்கும்போதே லுங்கி நுனியால் துடைத்தால் அந்தப் பரலே லென்ஸைக் கீறும். கழுவிய பிறகு பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு, விரலால் மெதுவாகத் தடவி அலசி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். ஊற வைக்க வேண்டாம், வெந்நீர் வேண்டாம். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள்.

தியேட்டரில் கொடுத்த 3டி கண்ணாடியும் போலரைஸ்டுதானே, வெயிலுக்குப் போடலாமா?
— பள்ளி மாணவி, ராயபுரம்

வேண்டாம். யுவி தடுப்புக்கு உத்தரவாதம் இல்லை, வெயிலுக்கான கறுப்பும் அதில் இல்லை. பல தியேட்டர்களில் தருவது வட்டத் தளவிளைவு வகை, அதாவது அதிரும் திசை சுழன்றுகொண்டே வரும் ஒளிக்கானது. கூலிங் கிளாஸை அதோடு வைத்துச் சோதித்தாலும் ஒரு பக்கம் வைத்தால் இருளும், புரட்டி வைத்தால் சரியாக இருளாது, வீண் குழப்பம். வேண்டுமானால் ஒரு வேடிக்கை பாருங்கள். அதை மாட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நில்லுங்கள். மூடிய கண் லென்ஸுக்குப் பின்னால் தெளிவாகத் தெரியும், பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணின் லென்ஸ் கறுப்பாக இருக்கும். கூலிங் கிளாஸில் இது நடக்காது.